ஏரியின் அடியில் வாழும் ஆரல்

திருவண்ணாமலை வட்டாரத்து ஏரிகளில் நீர் குறையும் காலத்தில் மீன் பிடிப்போர் கையில், கெண்டை கெளுத்தியோடு விநோத உருவமுள்ள ஒரு மீனும் அகப்படுவதுண்டு. உடல் பாம்பைப் போன்றது. மூக்கோ யானைத் துதிக்கையைச் சிறிதாக்கி ஒட்டவைத்தாற்போல் நீண்டு அசையும். வாலிலிருந்து முதுகை எதிர்த்துத் தடவினால் முட்கள் கையைத் தைக்கும். இதுவே ஆரல்.

இதன் பெயர் பழமையானது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், ஆரலுக்காகக் காத்து நிற்கும் குருகைக் கபிலர் பாடியிருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்த ஜான் என்னும் பாதிரியார் பெர்லின் நகரத்து அறிஞர் பிளாக்குக்கு நம் நாட்டு மீன்களை அனுப்பி வந்தார். பிளாக் 1799-இல் காலமான பின், அவருடைய நூலை ஷ்னைடர் 1801-இல் வெளியிட்டார். அதில் இம்மீனுக்கு ‘ஆரல்’ என்ற பெயரே இடப்பெற்றது. ‘மாக்ரோநேதஸ் ஆரல்’ என்று உலக விஞ்ஞானிகள் இன்றும் தமிழ்ச் சொல்லாலேயே இதனை அழைக்கின்றனர்.

சிலர் இதனை விலாங்கு என மயங்குவர். விலாங்கு முட்டையிடக் கடலுக்குச் செல்லும். முதுகில் முள்ளும் அதற்கில்லை. ஆரலோ நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே இனம் பெருக்குவது. இதன் இனத்தைச் சேர்ந்த கல்லாரலுக்கு முதுகில் 30-க்கு மேற்பட்ட தனித்தனி முட்கள் உண்டு. அது 90 சென்டிமீட்டர் வரை கூட வளரும்.

பகலில் ஆரலைக் காண்பது அரிது. நெசவாளர் கைநாடா இழைகளுக்கிடையே வழுவிச் செல்வதுபோல் இது மணலிலும் சேற்றிலும் நுழைந்து, மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். இரவில் வெளிவந்து மண்ணைத் துழாவி, புழுக்களையும் பூச்சிகளின் குஞ்சுகளையும் சிற்றிறால்களையும் தின்னும். மூக்கின் இருபுறமும் உள்ள சிறு குழாய்கள் நாசித் துவாரங்களே. இரையின் வாடையை இருளில் அவை காட்டிக் கொடுக்கும். மழைக் காலத்தில் ஏரி நிரம்பும்போது இது நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொள்ளும் முட்டைகளை இடும்.

இம்மீனின் வாழ்வு முழுவதும் ஏரியின் அடிமண்ணில் நடைபெறுவதால், அம்மண்ணுக்கு நேரும் கேடு முதலில் இதனையே தாக்கும். பயிருக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. அவை நீரில் கரைந்து ஓடிவிடாமல் மண்துகள்களோடு ஒட்டி அடியில் படிகின்றன. சாயத் தொட்டியின் கழிவும் ஓடை வழியே ஏரிக்கு வந்தால் அங்கேயே தங்குகிறது. மேலே நீர் தெளிந்திருப்பதைக் கண்டு ஏரி நலமாயிருப்பதாக நாம் எண்ணிவிடலாகாது.

வண்டல் எடுப்பதிலும் கவனம் வேண்டும். வண்டல் வயலுக்கு உரம். அதனை எடுப்பதால் ஏரியின் கொள்ளளவும் கூடும். ஆயினும் அடித்தளம் முழுவதையும் ஒரே மட்டமாகச் சுரண்டிவிட்டால், கோடையில் மீன்கள் ஒதுங்க இடமிராது. கடைசி நீர் தங்கும் ஆழமான மடு ஒன்றை விட்டுவைத்தால், அடுத்த மழை வரும்வரை ஆரலுக்கும் பிற மீன்களுக்கும் அது அடைக்கலமாகும். மறு ஆண்டின் மீன்வளத்துக்கு அதுவே விதைநெல்.

ஆரல் சுவையான உணவு. நல்ல விலைக்கும் போவது. ஆதலின் அதனைக் காப்பதில் நமக்கும் ஆதாயம் உண்டு. விவசாய அங்கத்தினர்கள் மருந்துத் தெளிப்பானை ஏரியிலும் கால்வாயிலும் கழுவுதலைத் தவிர்க்க வேண்டும். நெசவாள அங்கத்தினர்கள் சாயக் கழிவை ஓடையில் விடாதிருத்தல் வேண்டும். வயலும் தறியும் வேறு வேறாயினும் இரண்டின் கழிவும் சேருமிடம் ஒன்றே. அந்த ஏரியைக் காப்பது இரு சாராருக்கும் பொதுக் கடமையாகும்.