நிரலெழுத்தும் நடைவிதியும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 9ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு பொறிக்கப்பட்டுள்ள சாசனங்களுள் பழையவற்றைப் படிக்க முற்படுகிறவரை முதலில் தடுத்து நிறுத்துவது மொழியின் கடினம் அன்று, எழுதும் முறையின் சிக்கனமே. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாசகங்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின்மேல் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். பிற்கால வட்டெழுத்திலோ பகரமும் வகரமும்கூட ஒன்றையொன்று ஒத்து மயங்கும். இன்ன நிலம், இன்னாருடைய தர்மம், இன்ன பூஜைக்கு என்று முன்கூட்டியே அறிந்திருந்த சமகாலத்தவர்க்கு இவற்றால் யாதொரு சிரமமும் நேர்ந்திராது. ஆயிரம் ஆண்டு கழித்து, இவற்றையே ஆதாரமாகக் கொண்டு கோயிலின் சரித்திரத்தை ஆராய்ந்து 1953இல் நூலாக வெளியிட்ட கே. கே. பிள்ளையைப் போன்ற அறிஞர்க்கோ ஒவ்வொரு வரியும் ஒரு வழக்கு.

கணினி நிரலின் மூலவாசகத்துக்கும் நேர்கிற கதி இதுதான். எழுதியவனுக்கு எல்லாம் தெளிவு. ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவனுக்கு, அவனே இவனாக இருந்தாலும், எல்லாம் இருள். எந்திரத்தைப் பொறுத்தவரையில் மாறிக்கு 'வட்டிவிகிதம்' என்று பெயரிட்டாலும் 'அ1' என்று பெயரிட்டாலும் ஒன்றுதான். பெரும்பாலான மொழிகளில் முழு நிரலையும் ஒரே வரியாக நெருக்கி எழுதினாலும் அது முகம் சுளிக்காது. ஆகவே, எப்படிப் பெயரிடுவது, எங்கே வரியை மடக்குவது, எத்தனை இடம் உள்ளே தள்ளித் தொடங்குவது என்னும் நியமங்கள் யாவும் எந்திரத்தின் பொருட்டு ஏற்பட்டவை அல்ல. முன்பின் அறியாத இன்னொரு மனிதனின் பொருட்டு ஏற்பட்டவை. ஓர் அலுவலகத்துக்குள் எழுதப்படும் மென்பொருளில் அந்த இன்னொருவன் பக்கத்து நாற்காலியில் இருப்பான். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். திறமூல மென்பொருளில் அவன் எந்தத் தேசத்தில், எந்த மொழி பேசிக்கொண்டு, எந்த நள்ளிரவில் கண்விழித்திருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் இன்றுவரை ஆயிரக்கணக்கானோர் கைவைத்திருக்கிறார்கள். அத்தகைய திட்டத்துக்கு ஒரு திருத்தத்தை அனுப்ப விரும்பும் நாகர்கோவில் பொறியியல் மாணவர் எவரும் முதலில் சந்திப்பது, நிரலை அன்று, நடைவிதிகள் அடங்கிய கோப்பையே.

இவ்விதிகள் வெறும் சம்பிரதாயமா, பிரயோஜனம் உடையவையா என்ற கேள்விக்கு விடை கூற மனோதத்துவ நிபுணர்கள் முயன்றிருக்கிறார்கள். 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க விற்பன்னர்களுக்கு, உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தபோது, அவர்கள் காய்களின் இடங்களைத் திறம்பட நினைவுகூர்ந்தார்கள். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. பதினோரு ஆண்டு கழித்து, எலியட் சோலோவேயும் கேட் எர்லிச்சும் நிரலர்களைக் கொண்டு இதற்கு நிகரான ஒரு பரிசோதனையைச் செய்தார்கள். வழக்கமான நியமங்களின்படி எழுதிய நிரலை அனுபவசாலிகள் புதியவர்களைவிட மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பெயர் ஒன்று சொல்ல, செயல் வேறொன்றாக இருக்கும்படி நியமத்தை மீறி எழுதிய நிரலைக் கொடுத்ததும் அவர்களும் புதியவர்களின் நிலைக்கு நெருங்கிவந்துவிட்டார்கள். நிபுணனின் கண் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. பழகிய உருவங்களைத் தேடி விரைகிறது. உருவம் பொய் சொன்னால் நிபுணத்துவமே அவனுக்குப் பகையாக முடிகிறது.

உருவம் சொன்ன பொய்யால் எத்தனை பெரிய கேடு விளையும் என்பதற்கு, 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்த வரலாறு போதுமானது. இணையத்தில் நாம் தொடர்புகொள்ளும் தளம் மெய்யான தளந்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு செயற்கூறு. 'பிழை நேர்ந்ததானால் ஃபெயில் என்ற இடத்துக்குப் போ' என்னும் பொருள்பட அதில் வரிசையாகச் சில நிபந்தனைகள். அவற்றுள் ஒன்றன்கீழ், 'ஃபெயிலுக்குப் போ' என்ற வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. சி மொழியில், அடைப்புக்குறி இடாவிட்டால், நிபந்தனை தன்னை அடுத்த ஒரே ஒரு கட்டளையைத்தான் ஆளும். இரண்டாவது வரி உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டது போலவே கண்ணுக்குத் தோன்றியது. எந்திரமோ அதை நிபந்தனையற்ற கட்டளையாகக் கொண்டு, மிஞ்சிய சோதனைகளையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டது. அந்த நேரத்தில் பிழையெண் பூஜ்யமாக இருந்தபடியால், 'எல்லாம் சரி' என்ற சான்றோடு செயற்கூறு முடிவடைந்தது. இடையில் புகுந்த எவனும் வங்கியாக வேஷம் போடலாம் என்ற நிலை. அந்த மூலவாசகம் ஆப்பிளே பகிரங்கமாக வெளியிட்டிருந்த ஒன்று; யாரும் பார்த்திருக்கலாம், பார்த்துமிருப்பார்கள். ஒரே வரியாக இருந்தாலும் அடைப்புக்குறி இடுக என்று பல திட்டங்கள் வற்புறுத்தும் அற்ப விதி ஒன்று கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், அந்த உபரி வரி குறிக்குள் கிடந்து தீங்கற்றதாகியிருக்கும், அல்லது வெளியே தனித்து நின்று கண்ணில் பட்டிருக்கும். 2016இல் வெளிவந்த ஜி.சி.சி. 6 என்ற நிரல்பெயர்ப்பி, உள்தள்ளல் ஒன்று கூற அர்த்தம் வேறாக இருந்தால் எச்சரிக்கத் தொடங்கியது.

ஆனால், இன்ன விதிதான் சரி என்று அறுதியிட்டுக் கூற இயலுமா என்றால், இயலாது. உள்தள்ளல் எட்டு இடம் இருக்கவேண்டும் என்பது லினக்ஸின் ஆணை. மூன்று படிக்குமேல் உள்ளே போகவேண்டியிருந்தால் உன் நிரலமைப்பே தவறு, அதைத் திருத்திக்கொள் என்று டோர்வால்ட்ஸ் தமக்கே உரிய காரத்தோடு சொல்கிறார். க்னூ திட்டத்தின் நடைநூலை அச்சிட்டு, வாசிக்காமலே கொளுத்திவிடும்படி அந்த ஆவணத்தின் தொடக்கத்திலேயே உபதேசம் செய்பவர் அவர்! 1983இல் பென் ஷ்னைடர்மனும் சகாக்களும் நடத்திய ஆய்வோ இரண்டு முதல் நான்கு இடமே வாசிப்புக்கு உகந்தது என்று கண்டது. பைத்தான் மொழியின் 'பெப் 8' என்ற 2001ஆம் ஆண்டு நடைநூல் நான்கை விதித்தது. வரியின் நீளத்திலும் இவ்வாறே. பைத்தான் கூறும் 79, லினக்ஸ் பல ஆண்டுகள் பேணிய 80 என்ற எல்லைகளின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால், 1928இல் ஐ.பி.எம். வகுத்த 80 பத்திகள் கொண்ட துளையட்டையில் போய் நிற்கிறோம். அட்டை போயிற்று, அட்டையைப் பின்பற்றிய முனையத் திரையும் போயிற்று; எண் மட்டும் நிலைத்தது. 2020இல்தான் லினக்ஸ் தன் சோதனைக் கருவியில் அதை 100 ஆகத் தளர்த்தியது.

தன்னிச்சையான எண்களைப் பற்றித்தான் மனிதர்கள் மிக அதிகமாகச் சண்டையிடுவார்கள். அணு உலைக்குச் சில நிமிஷத்தில் அனுமதி அளிக்கும் குழு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும் என்று 1957இல் பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் பரிகசித்ததை, நிரலர்கள் தங்கள் குலத்துக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இந்த விவாதத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, என் அபிப்பிராயத்தில், 2009இல் வெளியான கோ மொழிக்கே உரியது. 'கோஃபம்ட்' என்ற கருவியை மொழியோடு சேர்த்தே கொடுத்து, எவர் எப்படி எழுதினாலும் அது ஒரே கோலத்தில் திருத்தி அமைத்துவிடும்படி செய்தார்கள். அந்தக் கோலம் ஒருவருக்கும் பரிபூரண திருப்தி அளிப்பதன்று. சண்டை ஒழிந்ததில் மட்டும் எல்லோருக்கும் திருப்தி. 2018இல் வந்த 'பிளாக்' என்ற கருவி பைத்தானுக்கு அதே சேவையைச் செய்கிறது.

கருவி கிடைத்த உற்சாகத்தில் புதியவர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. ஒரு வரியைத் திருத்தப் போனவர், கோப்பு முழுவதையும் அழகுபடுத்தி அனுப்பிவிடுவார். எந்த வரியை யார், எப்போது, எந்தக் காரணத்தால் எழுதினார் என்று கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வரிக்கு வரி காட்டும் சரித்திரத்தின்மேல் இவருடைய பெயர் பூசப்பட்டுவிடும். மெய்யான திருத்தமோ ஆயிரம் பொய்த் திருத்தங்களுக்குள் மறைந்துபோகும். அதனால்தான், நடையைச் சீராக்குவதும் செயலை மாற்றுவதும் ஒரே திருத்தத்தில் கலக்கலாகாது என்று பராமரிப்பாளர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

இதுகாறும் கூறியவை யாவும் ரோமன் எழுத்தின் வீட்டில் பிறந்த விதிகள். தமிழைக் கையாளும் திறமூலத் திட்டங்களுக்கு, உதாரணமாக முத்தையா அண்ணாமலை படைத்த எழில் நிரல்மொழிக்கோ அவரும் நண்பர்களும் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் நூலகத்துக்கோ, இவை மட்டும் போதா. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்கள், யூ.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். நீளம் என்னவென்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். 79 என்ற எல்லையை அளக்கும் கருவியும் அவ்வாறே எண்ணும். பத்தி பத்தியாக நேர்படுத்தி அழகாக எழுதினாலும், ரகரத்துக்கும் ணைகாரத்துக்கும் அகலம் வேறுபடுவதால் மறுநொடியே பத்தி கோணலாகிவிடும். ஆகவே, தமிழ்ச் சரங்களை இடைவெளி இட்டு நேர்படுத்துவதை விலக்குவதே விவேகம்.

இதைவிடக் கடினமானது உருமயக்கம். 'கொ' என்பதை ஒகரக்குறி ஒன்றாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியே இட்டும் எழுதலாம். இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு ஏற்கிறது. மாறிப் பெயர்களில் பைத்தானும் ஏற்கிறது. ஆனால் சரங்களில் அது தானாக ஏற்பதில்லை. கோப்பில் தேடும் சாதாரணக் கருவிகளும் இரண்டையும் வெவ்வேறாகவே கருதும். என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்தில் எல்லாக் கோப்புகளையும் சேமிக்கவேண்டும் என்ற விதி இதற்கு மருந்து. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிட்டுவிடுகிறார்களே, அதற்கு அந்த மருந்தும் பலிக்காது. அவை இரண்டும் யூனிகோடின் கணக்கில் முற்றிலும் வேறான சொற்கள், பல எழுத்துருக்களில் கண்ணுக்கோ ஒரே சொல். தமிழ் எண் ஒன்றும் ககரமும், ஏழும் எகரமும், எட்டும் அகரமும் இவ்வாறே இரட்டைப் பிறவிகள். சரமாகக் கொடுத்த தமிழ் எண்களைப் பைத்தான் எவ்விதத் தயக்கமும் இன்றி எண்ணாக மாற்றிக்கொள்ளும் என்பது பலர் அறியாத செய்தி. அங்கே ஒருவர் எட்டுக்குப் பதில் அகரத்தை இட்டுவிட்டால், பிழைச்செய்தியை முறைத்துப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கவேண்டியதுதான். இத்தகைய மயக்கங்களைச் சோதித்து நிறுத்தும் கருவியைத் தமிழ்த் திட்டங்கள் தாங்களே செய்துகொள்ளவேண்டும். கோஃபம்ட் நமக்காக அதைச் செய்யாது.

மாறிகளின் பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை என்பவர்கள் வேறொரு தொல்லையை மறந்துவிடுகிறார்கள். 'எழுத்து' என்பதன் ழகரத்தை இஸட்டும் எச்சும் சேர்த்து எழுதுவார் ஒருவர், இஸட் மட்டும் போடுவார் இன்னொருவர், எல் போதும் என்பார் மூன்றாமவர். சுசீந்திரம் என்ற எங்கள் ஊர்ப்பெயரின் கடைசி உயிருக்கே 'ஏ' இடுவாரும் 'யூ' இடுவாரும் இருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 15919 என்ற ஒலிபெயர்ப்புத் தரம் இருக்கவே இருக்கிறது. எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இடுவதால், வெறும் ஆங்கில எழுத்தே கூடும் என்கிற பெயர்களுக்கு அது உதவாது. ஒவ்வொரு திட்டமும் ஓர் எழுத்துக்கூட்டலை நிர்ணயித்து, அட்டவணையாக எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குறிப்புரைகளை எந்த மொழியில் எழுதுவது? நூற்றுக்கு நூற்றிருபது பங்கு நிச்சயமாக உன் மொழி அறியாதார் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தாலொழிய ஆங்கிலத்திலேயே எழுது என்பது பெப் 8இன் ஆலோசனை. பொதுவில் அது நல்ல ஆலோசனையே. ஆயினும், குற்றியலுகரப் புணர்ச்சியை நிகழ்த்தும் ஒரு செயற்கூற்றைத் திருத்த வருபவர் தமிழ் அறியாதவராக இருக்கமுடியாது. அவருக்கு அந்த விதியை அரைகுறை ஆங்கிலத்தில் விளக்குவது எழுதுகிறவர், படிக்கிறவர் இருவரையும் வருத்துவதாகும். என்ன செய்கிறது என்பதை ஆங்கிலத்தில் ஒரு வரியிலும், ஏன் அவ்வாறு செய்கிறது என்பதை, நூற்பா எண்ணோடும் 'நாடு, ஆறு' என்பன போன்ற இரண்டு எடுத்துக்காட்டுகளோடும், தமிழில் அடுத்த நாலு வரியிலும் எழுதலாம் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் உண்டு.