மகப்பேற்றுரிமையும் வர்க்க நிலையும்: ஹெலன் ரொட்ரிகஸ்-ட்ரியாஸின் பணி குறித்து

மகப்பேற்றுரிமை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கருக்கலைப்புரிமையோடு நின்றுவிடுகின்றன. வேண்டிய பிள்ளையைப் பெறும் உரிமையும் பறிக்கப்படலாம் என்பது எளிதில் மறக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாக இணைத்தோருள் வைத்தியர் ஹெலன் ரொட்ரிகஸ்-ட்ரியாஸ் (1929–2001) முக்கியமானவர்.

நியூயோர்க்கில் பிறந்த அவர், 1960 இல் புவேட்டோ ரிக்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898 முதல் அமெரிக்க ஆதிக்கத்துக்குட்பட்ட அத்தீவின் வறுமைக்குச் சனத்தொகைப் பெருக்கமே காரணம் எனக் கொள்கை வகுப்போர் கூறிவந்தனர். கரும்புக் கம்பனிகளிடம் நிலம் குவிந்தமை பின்தள்ளப்பட்டது. உழைப்பாளிப் பெண்ணின் கருவளமே குற்றவாளியாயிற்று. 1937 இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை சட்டபூர்வமாக்கப்பட்டது. 1965 ஆம் ஆண்டின் ஆய்வொன்று, 20 முதல் 49 வயது வரையான தாய்மாருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அதற்குட்பட்டிருந்தமையைக் காட்டிற்று.

மக்கள் வழக்கில் அது வெறுமனே 'சத்திரசிகிச்சை' எனப்பட்டது. குழாயைக் 'கட்டுதல்' எனக் கேட்ட பெண்கள் பலர், கட்டியதைப் பின்னர் அவிழ்க்கலாம் என்றே நம்பினர். இலக்கிய மாணவனான எனக்கு இது வெறும் சொல்மயக்கமாகத் தோன்றவில்லை. ஒப்புதல் மொழியினூடாகவே பெறப்படுகிறது. அம்மொழியோ வைத்தியரின் கையில் இருந்தது.

1970 இல் பிராங்ஸ் பகுதியின் லிங்கன் வைத்தியசாலையில் குழந்தை மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஹெலன், 1975 இல் கட்டாயக் கருத்தடைக்கெதிரான குழுவொன்றை நிறுவியோருள் ஒருவரானார். நியூயோர்க் நகர வைத்தியசாலைகளில் அக்குழு வென்றெடுத்த விதிகள், 1978 இல் மத்திய அரசின் நிதியுதவி பெறும் சிகிச்சைகளுக்கு விரிவாக்கப்பட்டன: 30 நாள் அவகாசம், குறைந்தது 21 வயது, பெண்ணுக்கு விளங்கும் மொழியில் விளக்கம், பிரசவ வேதனையின்போது ஒப்புதல் பெறாமை.

இவ்விதிகளை எதிர்த்தோருள் கருக்கலைப்புரிமைக்காகப் போராடிய அமைப்புகளும் இருந்தன. இது வியப்புக்குரியதன்று. தாம் விரும்பிக் கேட்டும் கருத்தடை மறுக்கப்பட்ட மத்தியதர வர்க்க வெள்ளையினப் பெண்களுக்கு, அவகாசம் மற்றுமொரு தடையாகவே தென்பட்டது. வறிய பெண்ணின் நிலையோ வேறு. 1976 ஆம் ஆண்டின் ஹைட் திருத்தம் அவளது கருக்கலைப்புக்கான மத்திய அரச நிதியைப் பெரும்பாலும் நிறுத்தியது. கருத்தடைக்கான நிதி தொடர்ந்தது. அவளுக்கு எஞ்சிய 'தெரிவு' எத்தகையது என்பதையே ஹெலன் கேட்டார்.

1993 இல் அவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். அப்பதவியேற்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் அவரே. 30 நாள் விதி இன்றும் நடைமுறையிலுள்ளது. அது இன்று, தாமாகவே கருத்தடையை நாடும் வறிய பெண்களைத் தடுக்கிறது எனச் சுகாதார ஆய்வாளர் பலர் கண்டிக்கின்றனர். தனியார் காப்புறுதியுள்ள பெண்ணை அம்மத்திய விதி கட்டுப்படுத்துவதில்லை.