ஏரிக்கரை வழியே

மலையும் கடலும் இயற்கை நமக்கு அளித்த செல்வங்கள். நம் சமவெளிகளில் உள்ள ஏரிகளோ, முன்னோர் மண் சுமந்து கரை எழுப்பி ஆக்கிய செல்வங்கள். அவற்றின் அழகைக் காண்போர் பலர். அவை எவ்வாறு வாழ்கின்றன என்பதை அறிவோர் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன், தைத் திங்களில் ஒருநாள் விடியற்காலை, நண்பர் நால்வர் சென்னையிலிருந்து சிற்றுந்து ஒன்றில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நீர் நிறைந்த ஏரிகளைக் கண்டு மகிழ்வதே எங்கள் நோக்கம். எங்களுள் ஒருவர் பொறியாளர்; மற்றொருவர் வரலாற்று ஆசிரியர்.

செங்கற்பட்டைக் கடந்து, படாளத்தில் நெடுஞ்சாலையினின்று பிரிந்து, வேடந்தாங்கலை அடைந்தோம். ஏரி நீருக்குள் நின்ற கடம்ப மரங்களில் கிளைதோறும் பறவைகள் வீற்றிருந்தன. நத்தைகுத்தி நாரைகள் குஞ்சுகளுக்கு இரையூட்டின. கூழைக்கடாக்கள் வானில் வட்டமிட்டன. இவ்வூரார் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர், வயலுக்கு நீராகவும் உரமாகவும் பயன்படுகிறது. பறவைக்கு ஊர் அடைக்கலம் தருகிறது; ஊருக்குப் பறவை விளைச்சல் தருகிறது. இவ்வேரி 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

அங்கிருந்து மதுராந்தகம் சென்றோம். சோழ மன்னர் பெயரைத் தாங்கிய அவ்வூரின் ஏரி, கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடந்தது. அவ்வூர்க் கோயில் இறைவனை மக்கள் ‘ஏரி காத்த இராமர்’ என்று அழைக்கின்றனர். ஏரியின் கரை நிலைத்தலே தம் வாழ்வு நிலைத்தல் என்று அவர்கள் உணர்ந்திருந்தமை இப்பெயரால் விளங்கும்.

கரைமீது நடந்தவாறே பொறியாளர் நண்பர் ஏரியின் அமைப்பை விளக்கினார். மழைநீர் திரளும் மேட்டுநிலம் முதலாவது; அந்நீரை ஏரிக்குக் கொணரும் வரத்துக்கால் இரண்டாவது; பள்ளமான பக்கத்தில் நீரைத் தடுத்து நிறுத்தும் கரை மூன்றாவது; வேண்டுமளவு நீரை வயலுக்கு விடும் மதகு நான்காவது; மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேற உதவும் கலங்கல் ஐந்தாவது. ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் வீணாவதில்லை. அது கீழுள்ள அடுத்த ஏரியைச் சென்று நிரப்பும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோல் பிணைந்துள்ளன. ஒரு கண்ணி அறுந்தால் அதன் கீழுள்ள ஊர்கள் எல்லாம் துன்புறும்.

“இத்துணை வேலையையும் பண்டைக் காலத்தில் கவனித்தவர் யார்?” என்று வினவினேன். வரலாற்று ஆசிரியர் விடை கூறினார்: “இதற்கு வடமேற்கே உத்தரமேரூர் உள்ளது. அங்குள்ள முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ இருந்ததைக் கூறுகின்றன. அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவர்தம் உறவினருக்கும் அதில் இடமில்லை.” ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துணை விழிப்பா என்று வியந்தோம்.

மேலும் தெற்கே செல்லும்போது, சிற்றூர் ஒன்றின் அருகே மற்றோர் ஏரியைக் கண்டோம். கரை இருந்தது, கரைமீது பனைகள் இருந்தன, நீர் மட்டும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, இப்பக்கம் மழை இல்லையோ?” என்று கேட்டோம். அவர் பெருமூச்செறிந்து, “மழை பொய்க்கவில்லை, தம்பி. அது வரும் வழியைத்தான் நாங்கள் அடைத்துவிட்டோம்” என்றார். அவர் சுட்டிய திசையில், வரத்துக்கால் இருந்த இடத்தில் வீடுகள் வரிசையாக நின்றன. அதன்பின் நெடுந்தொலைவு வரை எங்களுள் எவரும் பேசவில்லை.

விழுப்புரம், பண்ணுருட்டி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியது. அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலை வீராணம் ஏரியின் கரையை ஒட்டிச் செல்கிறது. இடப்புறம் விளைந்து சாய்ந்த சம்பா நெல். வலப்புறம் கடலெனப் பரந்த நீர். அந்நீரில் கதிரவன் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் மறைந்தான்.

வீரநாராயணன் என்பது முதற் பராந்தகனின் சிறப்புப் பெயர். அப்பெயரால் அமைந்த வீரநாராயண ஏரியே வீராணம் என மருவிற்று. அவன் மகன் இராசாதித்தன் இதனை வெட்டுவித்தான் என்பர். காவிரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து, கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே இவ்வேரியை அடைகிறது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இதனால் விளைகிறது.

பொறியாளர் நண்பர் கரையோரத்தைச் சுட்டி, “2004-ஆம் ஆண்டு முதல் இவ்வேரி நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய்வழியே சென்னைக்கு வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பருகும் நீரில் இதுவும் கலந்துள்ளது” என்றார். நாங்கள் வியப்புற்றோம். காட்சிப் பொருளாகக் காணவந்த ஏரி, நாடோறும் எங்கள் இல்லத்திற்கு வந்து எங்களைக் காத்து நின்றது!

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். ஒரு விடுமுறை நாளில் நண்பர்களுடன் அதன் கரைமீது நடந்து செல்லுங்கள். நீரின் அழகைக் கண்டு மகிழுங்கள். அத்துடன், அந்நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே செல்கிறது, அவ்வழிகள் திறந்துள்ளனவா என்பதையும் பாருங்கள். ஏரியைக் காக்கும் பணி அப்பார்வையில்தான் தொடங்குகிறது.