நோயில் முடங்கிய குடும்பத் தலைவர்: அவருக்குரிய ஹக்கு எங்கே இருக்கிறது?

 



ஒரு வீட்டில் சம்பாதிப்பவர் படுக்கையில் விழுந்துவிட்டால் அந்த வீட்டின் நிலை என்னவாகும் என்பதை நாம் அறிவோம். முதல் மாதம் கையிருப்பு கரையும். இரண்டாம் மாதம் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். மூன்றாம் மாதம் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார். அதற்கடுத்த கல்வியாண்டில் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிப் பையை வைத்துவிட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். இவ்வளவும் நடக்கின்றபோது பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருப்பது, "அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்பது மட்டுமே.

நோய் அல்லாஹ்வின் சோதனை. பொறுமை கொண்டவருக்கு அதில் பாவமன்னிப்பும் நற்கூலியும் உண்டு. ஓர் அடியார் நோயுற்றால், அவர் நலமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி அவருக்கு அப்படியே எழுதப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அல்லாஹ் தன் அடியாரின் கூலியை நிறுத்தவில்லை. ஆனால், மனிதர்கள் தரும் கூலி நின்றுபோகிறதே, அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? மார்க்கம் அதற்கு வழி காட்டியிருக்கிறது. நாட்டின் சட்டமும் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டையும் அறியாத காரணத்தால் வட்டியில் விழும் குடும்பங்கள் ஏராளம்.

கேட்பது இழிவா?

"நாங்கள் கொடுத்துப் பழகிய குடும்பம், கை நீட்ட மாட்டோம்" என்று சிலர் கூறுவார்கள். இந்தத் தன்மானம் பாராட்டத்தக்கது. தேவை இருந்தும் வற்புறுத்திக் கேட்காதவர்களை, அறியாதவர் செல்வந்தர் என்றே எண்ணிக்கொள்வார் என்று திருக்குர்ஆன் (2:273) சிறப்பித்துச் சொல்கிறது. ஆனால் அந்த வசனத்தை நாம் எப்படி விளங்கிக்கொண்டோம்? கேட்காமல் இருப்பது அவருடைய சிறப்பு. அவர் கேட்கும்வரை நாம் காத்திருப்பது நம்முடைய குறை. அத்தகையவர்களுக்கே கொடுங்கள் என்றுதான் அந்த வசனம் நம்மைத் தூண்டுகிறது.

இறுதி ஹஜ்ஜின்போது இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸதகாப் பொருளில் பங்கு கேட்டார்கள். நபியவர்கள் அவ்விருவரையும் மேலும் கீழும் பார்த்தார்கள். அவர்கள் உடல் வலிமை மிக்கவர்களாக இருந்தார்கள். செல்வந்தருக்கும், உழைத்துச் சம்பாதிக்கும் வலிமை உடையவருக்கும் இதில் பங்கு இல்லை என்று நபியவர்கள் கூறினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. உழைக்க இயலுமா என்பதே இங்கு அளவுகோல். அப்படியானால், அந்த வலிமையை நோய் பறித்துக்கொண்ட ஒருவருக்கு அதே அளவுகோலின்படி பங்கு உண்டு என்பது தெளிவாகிறது. அவர் பெறுவது பிச்சை அன்று; அல்லாஹ் நிர்ணயித்த ஹக்கு.

மூன்று பேர் சாட்சி

கபீஸா (ரலி) என்ற தோழரிடம், மூன்று வகையினர் மட்டுமே கேட்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி முஸ்லிமில் உள்ளது. பிறருக்காகக் கடன் சுமையை ஏற்றுக்கொண்டவர் ஒருவர். பேரிடரால் பொருள் அழிந்தவர் மற்றொருவர். வறுமை பீடித்தவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவருடைய சமுதாயத்தைச் சேர்ந்த விவேகமுள்ள மூன்று பேர் எழுந்து நின்று, இவர் வறுமைக்கு ஆளாகிவிட்டார் என்று கூற வேண்டும்.

இந்த நிபந்தனையை நாம் பொய்யர்களைத் தடுக்கும் வேலியாக மட்டுமே பார்க்கிறோம். அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். எழுந்து நின்று சொல்ல வேண்டியவர்கள் யார்? நோயாளி அல்லர், அவரைச் சுற்றியிருக்கும் மூவர். அண்டை வீட்டாருக்கு அவர் நிலை தெரிந்திருந்தால்தானே சாட்சி சொல்ல முடியும்? ஒரு மஹல்லாவில் நோயுற்றவருக்காக எழுந்து நிற்க மூன்று பேர் இல்லையென்றால், அந்த மஹல்லாவின் நிலையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

வலிமையில் பெற்றதை முதுமையில் திருப்புதல்

உமர் (ரலி) அவர்கள் ஆட்சிக் காலத்தில் பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் யாசிப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டபோது, வரியும் தேவையும் முதுமையும் என்றார் அவர். உமர் (ரலி) அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று கொடுத்துவிட்டு, பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவர் போன்றவரையும் கவனியுங்கள் என்று ஆணையிட்டார்கள். இளமையில் அவரிடம் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஹீரா நகர மக்களோடு காலித் பின் வலீத் (ரலி) செய்துகொண்ட உடன்படிக்கையிலும், முதுமையால் உழைக்க இயலாதவர், நோயோ விபத்தோ தாக்கியவர் ஆகியோரின் வரி நீக்கப்பட்டு, அவரையும் அவர் குடும்பத்தையும் பைத்துல்மால் பராமரிக்கும் என்று எழுதப்பட்டது. இவ்விரண்டையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். முஸ்லிமல்லாத குடிமக்களுக்கே இந்த நீதி என்றால், நம் மஹல்லாச் சகோதரரை நாம் எப்படிக் கைவிட முடியும்?

ஜகாத்தில் அவருக்குப் பங்கு உண்டா?

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) கூறுகிறது. வருமானம் நின்ற நோயாளி ஃபகீர், மிஸ்கீன் என்ற வகையிலோ, மருத்துவச் செலவால் கடனாளியாகிவிட்டால் காரிமீன் என்ற வகையிலோ வரக்கூடும். "சொந்த வீடு இருக்கிறதே, அவருக்கு ஜகாத் கூடுமா?" என்று பலர் கேட்கின்றனர். குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை, வீட்டுச் சாமான்கள், தொழிற்கருவிகள் ஆகியவை அடிப்படைத் தேவைகள். ஹனஃபீ மத்ஹபின்படி இவையும் கடனும் போக நிஸாப் அளவு பொருள் கையில் இல்லாதவர் ஜகாத் பெறலாம். வெள்ளியின் நிஸாப் ஏறத்தாழ 612 கிராம். ஷாஃபிஈ மத்ஹபில், தம் தேவைக்குப் போதுமான பொருளோ வருமானமோ இல்லாதவர் ஃபகீர், மிஸ்கீன் ஆவார்.

மேலும் சில மஸ்அலாக்களைக் கவனத்தில் கொள்வோம்.

பெற்றோர், பாட்டன், பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு வறுமைக்காக ஜகாத் கொடுப்பது கூடாது. அவர்களைப் பராமரிப்பது நம் சொந்தப் பொருளிலிருந்து செய்ய வேண்டிய கடமை. நோயுற்ற சகோதரர், சகோதரி, மாமா, சாச்சா, மைத்துனர் ஆகியோருக்குத் தகுதியிருந்தால் கொடுக்கலாம். அதில் தர்மத்தின் கூலியும் உறவைப் பேணிய கூலியும் சேர்ந்து கிடைக்கும் என்பது ஹதீஸின் கருத்து.

கொடுக்கும்போது "இது ஜகாத்" என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. கொடுப்பவரின் நிய்யத் போதும். தயங்கும் மனிதரிடம் "பிள்ளைகளின் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கொடுத்தாலும் ஜகாத் நிறைவேறிவிடும்.

ஹனஃபீ மத்ஹபில், பெறுபவரைப் பொருளுக்கு உரிமையாளராக்குவது ஷர்த்து. எனவே மருத்துவமனைக் கட்டணத்தை நேரடியாகச் செலுத்துவதென்றால், முதலில் அவருடைய அனுமதியைப் பெற்று அவருக்காகச் செலுத்த வேண்டும். அல்லது பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

நூறு பேருக்கு நூறு ரூபாய் என்று ரமளானில் பிரித்துக் கொடுப்பதால் நோயாளியின் குடும்பம் நிமிராது. ஒரு வருடத் தேவைக்குப் போதுமான அளவு கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ இமாம்களில் ஒரு சாரார் கூறுகின்றனர். கடனும் குடும்பமும் உள்ளவருக்கு அதிகமாகக் கொடுப்பதை ஹனஃபீ இமாம்களும் தடுக்கவில்லை.

சட்டம் தரும் உரிமைகள்

பெருமக்களே! நம் சகோதரர்கள் பலர் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும், கடைகளிலும், நிறுவனங்களிலும் பணியாற்றுகின்றனர். அவர்களில் பலருடைய சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே உருவான திட்டம் இது. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பெறப்படுகிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கணக்கிட்டால், அவர் பங்கு 112 ரூபாய் 50 காசு. முதலாளியின் பங்கு 487 ரூபாய் 50 காசு. 2017 ஜனவரியில் இத்திட்டத்தின் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இது இலவச மருந்துக்கான அட்டை என்றே பலரும் நினைக்கின்றனர். நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்குப் பணமும் உண்டு. ஆறு மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், சராசரி நாட்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். நாட்கூலி 500 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 350 ரூபாய். 91 நாட்களுக்கு 31,850 ரூபாய். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற நீண்ட கால நோய்களுக்கு, குறைந்தது இரண்டாண்டு பணியும் உரிய சந்தாவும் உள்ளவருக்கு 80 சதவீதம் வீதம் இரண்டாண்டுகள் வரை நீட்டிக்கப்படும். ஆனால் தனியார் மருத்துவரின் சீட்டை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. நோயுற்ற உடனேயே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். தாமதித்த நாட்கள் நமக்குக் கிடைக்காமல் போகலாம்.

இப்பணத்தைப் பெறலாமா என்று சிலர் ஐயுறுவர். இது சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படுவது. தொழிலாளி தாமே விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அன்று. எனவே சமகால உலமாக்கள் பலர் இதை அனுமதிக்கின்றனர். வலிமையில் பெற்றதைப் பலவீனத்தில் திருப்பித் தருதல் என்ற உமர் (ரலி) அவர்களின் நீதியும் நினைவுக்கு வருகிறது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

வருங்கால வைப்பு நிதி உள்ளவர்கள் நோய்ச் செலவுக்காக அதிலிருந்து முன்பணம் பெறலாம். அது தம் சொந்தப் பணம். வட்டிக்குக் கடன் வாங்கும் முன் அதைக் கேட்க வேண்டும்.

கட்டடம், தையல், ஆட்டோ, பீடி போன்ற அமைப்புசாராத் தொழில் செய்வோர், தமிழக அரசின் தொழிலாளர் நல வாரியங்களில் நலமாக இருக்கும்போதே பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். மஸ்ஜித், மதரஸாப் பணியாளர்களுக்கு 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. நம் முஅத்தின்களில் எத்தனை பேர் அதில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று முத்தவல்லிமார்கள் விசாரிப்பார்களாக!

சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். அதன் ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு வழங்கும் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. நோயால் நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்குரிய மாத உதவித்தொகை தமிழகத்தில் 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக்கப்பட்டது. அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. இத்தொகைகளும் வரம்புகளும் அரசாணைகளால் மாறுபவை. விண்ணப்பிக்கும்போது வட்டாட்சியர் அலுவலகத்திலும் உரிய துறையிலும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வளைகுடா நாட்டில் நோயுற்றவருக்கும் உரிமை உண்டு. சவூதி தொழிலாளர் சட்டப்படி, நோய் விடுப்பில் முதல் 30 நாட்களுக்கு முழுச் சம்பளமும், அடுத்த 60 நாட்களுக்கு முக்கால் சம்பளமும் உண்டு. அதற்கடுத்த 30 நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் தகுதிகாண் காலம் முடித்தவருக்கு 15 நாட்கள் முழுச் சம்பளம், 30 நாட்கள் அரைச் சம்பளம், 45 நாட்கள் சம்பளமில்லா விடுப்பு. இதை அறியாமல், கணக்கு முடிக்காமல் ஊர் திரும்புவோர் தம் உழைப்பின் பணத்தை விட்டுவிட்டு வருகின்றனர்.

மஹல்லா செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஜமாஅத்திலும் அமானிதம் பேணும் மூன்று பேரை இதற்கென நியமிக்க வேண்டும். அவர்கள் பெயர்களை மறைவாக வைத்திருந்து, நோயுற்றவர் வீட்டிற்குத் தாமே செல்ல வேண்டும். வீட்டுப் பெண்களிடம் நிலையை அறிய நம்பிக்கைக்குரிய பெண்மணி ஒருவரும் இருக்க வேண்டும். படிவம் நிரப்பவும் அலுவலகத்திற்கு உடன் செல்லவும் படித்த இளைஞர்கள் முன்வர வேண்டும். ஒரு நாள் விடுப்பெடுத்து இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் ஸதகாதான். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் வசதியை ஏற்படுத்தினால் நகை அடகுக் கடைக்குப் போகாது. ஒருவரின் சிகிச்சைக்கென வசூலித்த பணத்தை அவருக்கே செலவிட வேண்டும். மீதமிருந்தால் கொடுத்தவர்களின் அனுமதியின்றி வேறு வழியில் திருப்பக் கூடாது.

நோயுற்ற சகோதரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். வட்டி ஹராம். உங்கள் ஹக்கைக் கேட்பதற்கு வெட்கப்பட்டு ஹராமில் விழுவது தன்மானமாகாது. குணமடைந்து உழைக்கும் வலிமை திரும்பியதும் உதவியை நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த நோயாளிக்குக் கொடுப்பவராக அல்லாஹ் உங்களை ஆக்குவான்.

இந்த ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது, நம் தெருவில் வழக்கமாகத் தொழுகைக்கு வந்து சில வாரங்களாகக் காணாத முகம் எது என்று எண்ணிப் பார்ப்போம். இன்றே அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! அவர்களது குடும்பத்தாரைப் பிறரிடம் கையேந்தும் நிலையிலிருந்து காப்பானாக! அவர்களுக்காக எழுந்து நிற்கும் மூவரில் ஒருவராக நம்மையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.