மாஸ்டர் மாறும் அந்த ஒரு நொடி!

மதுரைக்குப் பஸ் ஏறணும்னா சிங்காநல்லூர். ஊட்டின்னா மேட்டுப்பாளையம் ரோடு. பொள்ளாச்சி, பாலக்காடுன்னா உக்கடம். ஈரோடு, சேலம்னா காந்திபுரம். கோயமுத்தூருக்குப் புதுசா படிக்க வர்ற ஃப்ரெஷர், முதல் லீவுக்கே பெட்டியைத் தூக்கிட்டுத் தப்பான பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கறது இங்கே ஒரு சம்பிரதாயம்! 'எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா என்னங்?'னு நொந்துக்குவாங்க. வெச்சா காந்திபுரம் தாங்காதுங்!

கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஆளுங்களும் இதே பாடத்தைத்தான் படிச்சாங்க. பழைய நெட்வொர்க்குல ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்குள்ளேயும் மூளையும் உண்டு, கை காலும் உண்டு. அந்த மூளையை மட்டும் உருவியெடுத்து, 'கன்ட்ரோலர்'ங்கற தனி சாஃப்ட்வேர்ல வெச்சா அதுதான் எஸ்.டி.என்., அதாவது சாஃப்ட்வேர் டிஃபைன்ட் நெட்வொர்க்கிங். ஸ்விட்ச்சும் கன்ட்ரோலரும் பேசிக்கற பாஷைக்குப் பேர் ஓப்பன்ஃப்ளோ. 2008-ல் வந்த அதோட முதல் பேப்பர் தலைப்பிலேயே 'கேம்பஸ் நெட்வொர்க்ஸ்'னு இருக்கு. ஆமா பாஸ்... காலேஜ் நெட்வொர்க்குல புதுசு புதுசா சோதனை பண்ணிப் பார்க்கப் பொறந்த சமாசாரம் இது. எழுதின எட்டுப் பேர்ல ஒருத்தர், எம்.ஐ.டி. புரொஃபசர் ஹரி பாலகிருஷ்ணன். 1993-ல் பி.டெக். முடிச்சது நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில!

இதுக்கு முன்னோடியா 2007-ல் ஸ்டான்ஃபோர்டுல 'ஈத்தேன்'னு ஒரு சிஸ்டம் ஓடுச்சு. முந்நூறுக்கும் மேற்பட்ட மெஷின்கள். கன்ட்ரோலரா வேலை பார்த்தது சாதாரண லினக்ஸ் பி.சி. முந்நூறுக்கு அது போதும். நாலாயிரம் பேர் தங்கற ஹாஸ்டல்னா?

இங்கே 'லோடு'ன்னா என்னன்னு கொஞ்சம் நிதானமா பார்க்கணும். ஸ்விட்ச்சுக்கு முன்னப் பின்னத் தெரியாத ஒரு பேக்கெட் வந்தா, 'இதை எங்கே அனுப்பட்டும்?'னு கன்ட்ரோலரைக் கேட்கும். இந்தக் கேள்விக்குப் பேர் பேக்கெட்-இன். கன்ட்ரோலர் ஒரு ரூல் சொல்லி அனுப்பும். அதுக்கப்புறம் அதே வழியில போற பேக்கெட்டுக்கெல்லாம் ஸ்விட்ச் யாரையும் கேட்காது. ஆக, உங்க ரூம்மேட் ராத்திரி பூரா 4 ஜி.பி. படத்தை டவுன்லோடு பண்ணினாலும் கன்ட்ரோலருக்குப் பெருசா வேலையில்லை. ஆனா மேட்ச் அன்னிக்கு எல்லா ரூமும் ஒரே நேரத்துல போனை நோண்ட ஆரம்பிச்சா, கேள்வி மேல கேள்வி... கன்ட்ரோலர் திணறிடும்.

சரி, ரெண்டு கன்ட்ரோலர் போட்டுக்கலாமே? போடலாம். 2011-ல் வந்த ஓப்பன்ஃப்ளோ 1.2, ஒரு ஸ்விட்ச் பல கன்ட்ரோலர்களோட பேச வழி பண்ணுச்சு. மாஸ்டர், ஸ்லேவ், ஈக்வல்னு மூணு ரோல். ஆனா ஸ்விட்ச்சுகளைப் பாதிப் பாதியா பிரிச்சுக் கொடுத்துட்டுக் கையைக் கட்டிட்டு உட்கார முடியாது. பகல்ல லேப் பக்கம் கூட்டம், ராத்திரி ஹாஸ்டல் பக்கம் கூட்டம். ஒரு கன்ட்ரோலர் முழி பிதுங்கறப்ப இன்னொண்ணு சும்மா ஈ ஓட்டிட்டு இருக்கும். அப்போ ஓடிட்டு இருக்கும்போதே ஒரு ஸ்விட்ச்சை இங்கேயிருந்து அங்கே மாத்தணும்.

சிக்கலே இதுலதான். தீபாவளி நெரிசலுக்காக ஒரு ஊர் பஸ்ஸை இந்த ஸ்டாண்டுல இருந்து தற்காலிக ஸ்டாண்டுக்கு மாத்தறாங்கன்னு வைங்க. மாறுற அந்த நேரத்துல ரெண்டு இடத்துலயும் பஸ் இல்லைன்னா பயணிங்க நடுரோட்டுல! நெட்வொர்க்லயும் இப்படித்தான். பழைய மாஸ்டர் 'எனக்கென்ன'ன்னு விட்டுட்டு, புதுசு இன்னும் கையில எடுக்கலைன்னா, அந்தக் கேள்வி அநாதை. ரெண்டும் பதில் சொன்னா அது வேற வம்பு. டேட்டா கணக்குப் பார்க்கற அப்ளிகேஷனா இருந்தா, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை கணக்கு ஏறிடும்.

இதுக்கு 2013-ல் பர்ட்யூ யுனிவர்சிட்டி, பெல் லேப்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 'எலாஸ்டிகான்'னு ஒரு தீர்வு சொன்னாங்க. அத்வைத் தீட்சித், டி.வி.லக்ஷ்மண், ரமணா கொம்பெல்லானு நம்மாளுங்க பேர் நிறைய. அவங்க பண்ணின ட்ரிக் இருக்கே... செம! முதல்ல புது கன்ட்ரோலரை 'ஈக்வல்' ஆக்குவாங்க. அதுக்கும் கேள்வியெல்லாம் கேட்கும், ஆனா வாயைத் திறக்காது. அடுத்து பழைய மாஸ்டர், எதுக்கும் உதவாத ஒரு டம்மி ரூலை ஸ்விட்ச்சுல போட்டு, உடனே அழிச்சிடும். 'ரூல் போயிடுச்சு'னு ஸ்விட்ச் ரெண்டு பேருக்கும் சேதி அனுப்பும் இல்லையா? அதுதான் கோடு! அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் பழையவர் பொறுப்பு, பின்னாடி வர்றதெல்லாம் புதியவர் பொறுப்பு. பழையவர் பாக்கி வேலையை முடிச்சதும், புதியவர் முறைப்படி மாஸ்டர் ஆயிடுவார். கடிகாரம் பார்க்கற வேலையே இல்லை.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுகள்ல 'எஸ்.டி.என். லோட் பேலன்ஸிங்' அடிக்கடி கண்ணுல படுற தலைப்பு. பலதும் எந்த ஸ்விட்ச்சை எங்கே மாத்தறதுன்னு ஒரு அல்காரிதம் எழுதி, கலர் கலரா கிராஃப் போட்டு முடிஞ்சிடும். மாத்தற நேரத்துல என்ன ஆச்சுன்னு யாரும் பார்க்கறதில்லை. லோடு லேசா ஏறினதும் அங்கே, இறங்கினதும் இங்கேன்னு ஒரே ஸ்விட்ச் பிங்பாங் பந்தாட்டம் ஆடினா, மாத்தற செலவே லோடு ஆயிடும். இது கிராஃப்ல தெரியாதுங்க, வைவாவுலதான் தெரியும்!

கேள்வியையே குறைச்சா என்னன்னு யோசிச்சவங்களும் உண்டு. 2011-ல் வந்த 'டெவோஃப்ளோ', சின்னச் சின்ன முடிவுகளை ஸ்விட்ச்சே எடுக்கட்டும், பெரிய ஃப்ளோக்களை மட்டும் கன்ட்ரோலர் பார்த்துக்கட்டும்னு சொல்லுச்சு. கோவையில பல இடங்கள்ல சிக்னலை எடுத்துட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வெச்சாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

கை பரபரக்குதா? மினிநெட் இலவசம், சுமாரான லேப்டாப்புலயே ஓடும். நாலு ஸ்விட்ச், ரெண்டு கன்ட்ரோலர் போடுங்க. ஒரு பக்கம் புதுப்புது ஃப்ளோவா அனுப்பிக்கிட்டே ஒரு ஸ்விட்ச்சை மாத்துங்க. ஸ்விட்ச் அனுப்பின பேக்கெட்-இன் எத்தனை, பதில் கிடைச்சது எத்தனை, ரெண்டு பதில் வாங்கினது எத்தனைன்னு மூணையும் எண்ணுங்க. டம்மி ரூல் ட்ரிக் இல்லாம ஒரு தடவை, அதோட ஒரு தடவை.