அரபுக் கடலோடிகளின் அன்றாட வாழ்வு

மாலுமி என்னும் தமிழ்ச் சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்று கூறினால் நம் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. மதரஸாவில் பாடம் நடத்துபவரும் முஅல்லிம். நடுக்கடலில் விண்மீன் பார்த்து வழி சொல்பவரும் முஅல்லிம். சுக்கானும் அரபு வழி வந்ததே. கப்பல் தலைவரைக் குறிக்கும் நாகுதா பாரசீகச் சொல். இச்சொற்களை நம் கரைகளில் விட்டுச் சென்றவர்கள், மாதக் கணக்கில் நீண்ட கடற்பயணங்களில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முஅல்லிமைப் பற்றி அறிய நூல்கள் உண்டு. ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் சுமார் 1490இல் நிறைவு செய்த 'கிதாபுல் ஃபவாயித்' அவற்றுள் தலையாயது. (வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்னும் கதையை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. அக்கதை இன்றியும் அவர் பெருமை குறையாது.) விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை 'இஸ்பஉ', அதாவது விரல் என்னும் அளவால் அவர்கள் கணித்தனர். அடிவானத்தை 32 திசைகளாகப் பகுத்தனர். மூன்று மணி நேர ஓட்டம் ஒரு 'ஸாம்'. இரவும் பகலும் சேர்ந்து எட்டு ஸாம்கள். ஆனால் பாய் இழுத்த சாதாரணக் கடலோடியின் ஒரு நாளை இத்தகைய நூல்களில் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம்.

அதைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியர். 1938 டிசம்பரில் ஏடனில், குவைத்தைச் சேர்ந்த 'பயான்' என்னும் பாய்க்கப்பலில் ஏறினார். அதன் நாகுதா அலீ பின் நாஸிர் அந்நஜ்தீ. ஹள்ரமவ்த், மொகதிஷு, மொம்பாசா, ஸன்ஸிபார் ஆகிய இடங்களுக்குச் சென்று, ரூஃபிஜி ஆற்று முகத்துவாரத்தில் கண்டல் மரக்கழிகளை ஏற்றிக்கொண்டு, அக்கப்பல் 1939இன் நடுவில் குவைத் திரும்பியது. வடகிழக்குப் பருவக்காற்றில் செல்வதும், காற்று திரும்பியபின் மீள்வதுமே இவர்களின் ஆண்டுக் கணக்கு.

கப்பலில் ஏறத்தாழ முப்பது பேர் வேலை செய்தனர். அவர்களுக்கென்று அறையோ கட்டிலோ கிடையாது. திறந்த தளத்தில் சரக்கின் மீதே படுக்கை. ஹள்ரமவ்த்தின் ஷிஹ்ர் துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறிய பின்னர் அந்த இடமும் சுருங்கியது. தளத்தில் வைத்த அடுப்புப் பெட்டியில் விறகு எரித்துச் சமைத்தனர். சோறு, புளிக்காத ரொட்டி, நெய், பேரீச்சம்பழம், வழியில் பிடித்த மீன்: உணவு இவ்வளவே. பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து கையால் உண்டனர். கப்பலின் திசையை மாற்றும்போது அந்த மாபெரும் பாயைக் கொடிமரத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் கொண்டு செல்ல எல்லாக் கைகளும் வேண்டும். அப்போது பாட்டும் வேண்டும். பாடகர் குரலெடுக்க, மற்றவர் கயிற்றை இழுத்தவாறு மறுமொழி கூறுவர். காற்றுச் சீராக இருந்த நாட்களிலும் ஓய்வில்லை. பாய் தைத்தனர், கயிறு முறுக்கினர். தச்சர் தளத்திலேயே சிறு படகு கட்டினார்.

இவ்வாழ்வில் எண்ணி எண்ணிச் செலவிடப்பட்டது நன்னீர். இங்குதான் ஃபிக்ஹு நூல்களின் தூய்மைப் பாடம் நமக்குப் புதிய பொருள் தருகிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் கடலில் செல்கிறோம், சிறிதளவு நீரே உடன் கொண்டு செல்கிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் தவிப்போம் என முறையிட்டுக் கடல்நீரைப் பற்றி வினவினார். அந்நீர் தூய்மையாக்க வல்லது என்று நபியவர்கள் விடை கூறினார்கள். கடலில் இறந்தவை உண்ண ஆகுமானவை என்பதையும் சேர்த்துக் கூறினார்கள். முவத்தாவிலும் திர்மிதியிலும் இடம்பெறும் இந்த ஹதீஸை நாம் மனனம் செய்கிறோம். கேட்டவர் தாகத்தைக் கண்டவர் என்பதை மறந்துவிடுகிறோம். நீருக்குத் தட்டுப்பாடு உள்ளவருக்கு உணவுக்கும் தட்டுப்பாடு வரும் என்பதாலேயே கேளாததற்கும் விடை கிடைத்தது என விரிவுரையாளர்கள் விளக்கினர்.

தொழுகையின் நிலையும் அவ்வாறே. ஓடும் கப்பலில் தக்க காரணமின்றியும் அமர்ந்து தொழலாம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்தம் மாணவர் இருவரும் காரணம் வேண்டும் என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் கடமையான தொழுகைக்கு நிற்றல் கட்டாயம்; தலைசுற்றலோ கடலில் விழும் அச்சமோ இருப்பின் அமரலாம். தொழுகையின் நடுவே கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டும். பயானின் பாதையை எண்ணிப் பாருங்கள்: மொம்பாசாவில் கிப்லா நேர் வடக்கு, ஓமான் கரையில் மேற்கு, குவைத்தில் தென்மேற்கு.

இனி, நாம் பேசத் தயங்கும் ஒன்று. இக்கடலோடிகளுக்கு மாதச் சம்பளம் இல்லை. பயணம் முடிந்ததும், உணவுச் செலவு போக, வருவாயில் கப்பலுக்கு ஒரு பகுதியும் ஆட்களுக்கு ஒரு பகுதியுமாகப் பங்கிடுவர். வீட்டுச் செலவுக்குப் புறப்படுமுன்பே முன்பணம் வாங்கியிருப்பர். பங்கு முன்பணத்தை விடக் குறைந்தால் கடன். கடன் தீராதவர் மறு ஆண்டும் அதே நாகுதாவிடம் ஏற வேண்டும். நாகுதாவும் வணிகரிடம் கடன்பட்டவரே. கோடையில் இவர்களுள் பலர் முத்துக்குளிக்கச் சென்றனர். அங்குக் கடன் இன்னும் கொடியது: குளிப்பவர் இறந்தால் அது மகன் மீது ஏறியது.

ஷரீஅத்தில் இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தையே சாரும். சொத்து இல்லையேல் வாரிசு தன் கையிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். இது ஆரம்ப வகுப்பு மாணவரும் அறிந்த சட்டம். ஐவேளையும் தொழுத துறைமுகங்களிலேயே இதற்கு மாறான வழக்கம் நிலைத்திருந்தது. பஹ்ரைனில் 1920களில் அதைத் தடுத்த சீர்திருத்தங்கள் ஆங்கிலேய அதிகாரிகளின் அழுத்தத்தால் வந்தவை என்பதைப் படிக்கையில் நமக்கு நாணமே மேலிடுகிறது.

நடுக்கடலில் இறந்தவரைப் பற்றியும் நம் ஃபகீஹுகள் எழுதாமல் விடவில்லை. குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஜனாஸா தொழுத பின், கரை அண்மையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். இல்லையெனில் உடலை இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கடலில் விட வேண்டும் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). அலை அதைக் கரை சேர்த்தால், அங்குள்ள முஸ்லிம்கள் கண்டு அடக்கம் செய்யக்கூடும். அந்நஜ்தீ கப்பலோட்டுவதை விட்டு நெடுநாள் கழித்து, 1979இல் மீன்பிடிக்கச் சென்றபோது வளைகுடாவில் புயலில் சிக்கி மறைந்தார்.