வரி ஏறினால் புகை இறங்குமா?

ஒரு கம்பியில் பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்தைப் பொறுத்ததா என்று அறிய என்ன செய்கிறோம்? மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறோம். பிறகு குறைத்தும் பார்க்கிறோம். மனிதரின் பழக்கங்களை இவ்வாறு ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க இயலாது. ஆயினும் கனடா நாட்டில் அத்தகைய சோதனையொன்று தானாகவே நடந்தேறியது.

1979 முதல் 1991 வரை அந்நாட்டில் சிகரெட்டின் மீதான வரி ஏறிக்கொண்டே வந்தது. பணவீக்கத்தைக் கழித்த பின்னும் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 15 முதல் 19 வயது வரையுள்ளோரில் நாள்தோறும் புகைத்தவர்கள் 42 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தனர். பெரியவர்களிடையே இத்துணை வீழ்ச்சி இல்லை.

பின்னர் கடத்தல் சிகரெட்டு பெருகியது. அதைத் தடுக்க எண்ணி, 1994 பிப்ரவரியில் மத்திய அரசும் கியூபெக், ஒன்டாரியோ முதலிய சில மாநிலங்களும் வரியை வெட்டின. விலை சரிந்தது. இறங்கிவந்த இளைஞர் புகைப்பழக்கம் மீண்டும் தலைதூக்கியது. ஆனால் வரி குறையாத அமெரிக்காவிலும் அவ்வாண்டுகளில் அது கூடியது. எனவே வேறு காரணங்களும் உண்டு என்பதை மறக்கலாகாது.

விலை இளைஞரை ஏன் அதிகம் தாக்குகிறது? அவர்கள் கையில் காசு குறைவு. நிக்கோடினின் பிடி இன்னும் இறுகவில்லை. நண்பன் வாங்காவிட்டால், அவனிடம் ஒன்று கேட்டு வாங்கிப் புகைப்பவனுக்கும் கிடைக்காது.

நம் நாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. 13 முதல் 15 வயது மாணவரிடையே புகையிலை பயன்படுத்துவோர் 2009இல் 14.6 விழுக்காடு, 2019இல் 8.5 விழுக்காடு.

முன்னேற்றந்தான், ஆயினும் ஓர் ஓட்டை இருக்கிறது. பெட்டிக்கடையில் சிகரெட்டை ஒற்றையாக வாங்கும் சிறுவனுக்கு முழுப் பாக்கெட்டின் விலை தடையாவதில்லை. பாக்கெட்டின் மேலுள்ள எச்சரிக்கைப் படமும் அவன் கைக்கு வருவதில்லை.

மாணவ நண்பர்களே! 100 கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து அளந்து பாருங்கள். அந்த எல்லைக்குள் எத்தனை கடைகளில் சிகரெட்டு தொங்குகிறது? ஏட்டிலுள்ள சட்டத்துக்கும் தெருவிலுள்ள சட்டத்துக்கும் இடைப்பட்ட தூரம் அப்போது விளங்கும்.